பங்கிட்ட எடை

எபனேசர் பனியில் சறுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்ட மறுகணம், அந்த ரோந்துப் படையில் எல்லோருடைய தோள்களும் சேர்ந்து கனத்தன. அவனால் இனித் தாங்க முடியாது என்று அவன் இடுப்பிலிருந்த பகிர்பட்டை கண்டுகொண்டு, அவன் மூட்டையின் எடையை மற்றவர்களுக்குப் பங்கிட்டுவிட்டது. பட்டைகள் அலைகளால் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். மூட்டை யார் முதுகில் இருந்தாலும், அதன் எடை தெம்புள்ளவர்களிடம் போய்ச் சேரும்.

கேப்டன் இன்பவல்லி அவனை ஸ்ட்ரெச்சரில் கிடத்தச் சொன்னார். ஹெலிகாப்டர் இறங்கக்கூடிய ஒரே சமதளம் எல்லைக் கணவாயை ஒட்டி இருந்தது. அங்கே போய்ச் சேருவதற்குள் தன் ஆட்கள் சுருண்டு விழுந்துவிடுவார்களோ என்று பயந்தார். ஆனால் கணவாயை நெருங்க நெருங்கச் சுமை குறைந்தது.

ஏதாவது மூட்டை கழன்று விழுந்துவிட்டதா என்று ஹவில்தார் தாணுலிங்கம் திரும்பிப் பார்த்தார். எல்லாம் அப்படியே இருந்தன.

"மேடம், அந்தப் பக்கத்துக்காரனுவளும் இதே மாதிரிப் பட்டையத்தான் கட்டியிருக்கானுவ போல. நம்ம கனம் அவனுவ தோளுக்குப் போவுது" என்றார்.

மூடுபனிக்கு அப்பால் எதிர்நாட்டு ரோந்துப் படை நின்றிருக்க வேண்டும். தங்கள் தோள் திடீரென்று கனத்ததும் அவர்களுக்கும் விஷயம் புரிந்திருக்கும். மூட்டைகளை இறக்கிவிட்டுப் பட்டைகளை அணைத்தால் போதும். அத்தனை கனமும் இவர்களிடமே திரும்பிவிடும். அதை எதிர்பார்த்து இன்பவல்லி பல்லைக் கடித்தபடி நடந்தார். கனம் திரும்பவில்லை. எபனேசரை ஹெலிகாப்டரில் ஏற்றும்வரை முகம் தெரியாத யாரோ தாங்கிக்கொண்டிருந்தார்கள்.

சில வாரம் கழித்து, ஒரு காலை ரோந்தில் இவர்களுடைய தோள்கள் கனத்தன. அந்தப் பக்கம் யாருக்கோ அடிபட்டிருந்தது. பட்டையை அணைத்துவிடலாமா என்று ஒருவன் கேட்டான்.

"தொடாதல. தாங்கு" என்றார் தாணுலிங்கம்.

குளிர் விட்டதும், கணவாயைத் திடீர்த் தாக்குதலில் பிடிக்க உத்தரவு வந்தது. முகாமுக்கு வந்த தளபதியிடம் இன்பவல்லி நடந்ததை மறைக்காமல் சொன்னார். "நாம கிளம்பி வர்றது அவங்க தோளுக்குத் தெரிஞ்சிடும் சார். இருட்டுல போனாலும் தெரியும்."

பட்டைகளை ஒரு நாட்டுக்கு மட்டும் பிரித்து வைக்க முடியாதா என்று தளபதி கேட்டார். பொறியாளர்கள் கையை விரித்துவிட்டார்கள். பட்டைக்குக் களைப்பு தெரியும், சீருடை தெரியாது. அப்படியானால் பட்டையை அணைத்துவிட்டே போகலாம் என்று முடிவு செய்து, அங்கேயே ஒத்திகை பார்க்கச் சொன்னார்.

அணைத்தார்கள். வரிசையில் நின்றவர்கள் மூட்டையோடு மல்லாந்தார்கள். ஒருவராலும் எழ முடியவில்லை.

தோல்பை சுமந்த காலத்திலிருந்தே இப்படித்தான் நடந்து வந்திருக்கிறது. முதுகில் கம்பிச் சட்டம் வைத்த பை வந்தபோதும், சுமையைத் தாங்கும் இரும்புக்கால் கவசம் வந்தபோதும், வீரனுக்கு மிச்சமான தெம்பைப் பார்த்துத் தலைமையகம் இன்னொரு பெட்டியைச் சேர்த்தது. பகிர்பட்டை வந்த பிறகு, மூட்டை இல்லாமல் முகாமில் இருப்பவர்களும் சேர்ந்து தாங்குவார்கள் என்று கணக்கே பார்க்கவில்லை. பாதியைக் குறைத்தால் கணவாய்வரை நடக்கலாம். அங்கே சண்டை போடக் குண்டுகள் இருக்காது.

தளபதி குனிந்து ஒரு மூட்டையின் வாரைப் பிடித்து இழுத்தார். அது அசையவில்லை. இரண்டு கையாலும் முயன்று பார்த்தார். பிறகு மூச்சு வாங்க நிமிர்ந்து, அந்தப் பக்கத்துத் தளபதியோடு பேசுவதற்கு என்ன வழி என்று இன்பவல்லியிடம் கேட்டார்.