மிளகாயின் கட்டைவிரல்

அவளுக்கு வீட்டில் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் அது வகுப்பாசிரியருக்கு மட்டும்தான் நினைவிருந்தது. மற்ற எல்லோருக்கும் அவள் மிளகாய். கோபம் வந்தால் முதலில் அவள் காது சிவக்கும். அப்புறம் மூக்கு. மூக்கும் சிவந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் ஓட்டம் பிடிக்க வேண்டியதுதான்.

வீடியோ கேமில் சண்டை போடுவதென்றால் மிளகாய்க்கு உயிர். திரையில் இரண்டு பேர் மோதுவார்கள். யாருடைய பலம் முதலில் தீர்கிறதோ அவர் தோற்றார். ஜாய்ஸ்டிக்கில் அவள் விரல்கள் பறக்கும். ஆனாலும் ஜெயிப்பது என்னவோ குதிரைக்கொம்பாகத்தான் இருந்தது.

போன வாரம் தோற்ற ஆத்திரத்தில் ஜாய்ஸ்டிக்கைச் சுவரில் விட்டெறிந்தாள். அது ஒரு பக்கமும் அதன் மூடி இன்னொரு பக்கமும் போய் விழுந்தன.

அம்மா பள்ளி வேன் ஓட்டுபவள். தினமும் ஒரு வேன் நிறையப் பிள்ளைகளைச் சமாளிப்பதால் அவள் கத்தவே மாட்டாள். குரலைத் தாழ்த்துவாள். அதுதான் ஆபத்து.

“வேன்ல இருக்குற வானரங்களே எனக்குப் போதும். இன்னொரு தடவை தூக்கி எறிஞ்சே, மொத்த கேமையும் பரண்ல ஏத்திடுவேன். அப்புறம் நீ அழுதாலும் புரண்டாலும் இறங்காது.”

அம்மா சொன்னால் சொன்னதுதான்.

சனிக்கிழமை தெருமுனைக் கம்ப்யூட்டர் கடையில் போட்டி. மிளகாய் மோத வேண்டியது ‘கண்ணாடி’ என்ற பையனோடு. ஜெயித்தாலும் தோற்றாலும், பல் தேய்ப்பவன் மாதிரி அலட்டிக்கொள்ளாமல் விளையாடுவான். இதுவரை ஒரு ஆட்டத்தில்கூட அவள் அவனை ஜெயித்ததில்லை.

வீட்டில் பயிற்சி மும்முரமாக நடந்தது. தங்கை வாண்டு பிஸ்கட்டைக் கொறித்தபடி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். வாண்டுக்கு ஐந்து வயது. எந்தப் பொத்தான் எதற்கு என்றுகூடத் தெரியாது.

திரையில் மிளகாயின் வீராங்கனை அடிபட்டுக் கீழே விழுந்தாள்.

“இப்ப எழுந்து உதைப்பா,” என்றாள் வாண்டு.

வீராங்கனை எழுந்தாள். உதைத்தாள். எதிராளி அதைத் தடுத்துத் திருப்பி அடித்தான். மறுபடியும் விழுந்தாள்.

“இப்பவும் உதைப்பா.”

உதைத்தாள். அடி வாங்கினாள்.

“வாயை மூடு! உன்னாலதான் தோக்குறேன்!” மிளகாயின் கை ஜாய்ஸ்டிக்கோடு மேலே போனது. நல்லவேளையாகப் பரண் ஞாபகம் வந்தது. கை மெல்லக் கீழே இறங்கியது.

“ஆமா, நான் உதைப்பேன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“விழுந்தா உனக்குக் கோபம் வரும். கோபம் வந்தா நீ உதைப்பே. நேத்து பேனாவை எடுத்ததுக்கு என்னையும் அப்படித்தானே உதைச்சே?”

மிளகாய்க்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்தப் பொடிசுக்கே தெரிந்தது கண்ணாடிக்குத் தெரியாமலா இருக்கும்? அதனால்தான் அவன் அலட்டிக்கொள்ளாமல் அவளுடைய உதைக்காகக் காத்திருக்கிறான்!

“உதைச்சதுக்கு சாரிடி,” என்றாள். “ஒரு பந்தயம் வச்சுக்கலாமா? விழுந்து எழுந்ததும் நான் என்ன செய்வேன்னு சொல்லு. சரியாச் சொன்னா என் பிஸ்கட் உனக்கு. தப்பாச் சொன்னா உன் பிஸ்கட் எனக்கு.”

முதலில் ஜெயித்த பிஸ்கட்டால் வாண்டுவின் கன்னம் உப்பியே இருந்தது. மூளை வேண்டாம் என்று சொல்வதற்குள் மிளகாயின் கட்டைவிரல் பொத்தானை அமுக்கிவிடும்.

கடைசியில் மிளகாய் ஒரு வழி கண்டுபிடித்தாள். விழுந்ததும் கட்டைவிரலைப் பொத்தானிலிருந்து தூக்கிவிடுவது. எதிராளி என்ன செய்கிறான் என்று பார்ப்பது. அப்புறம்தான் விரலை வைப்பது. கண் சிமிட்டும் நேரம்தான். ஆனால் கோபத்தில் அந்த நேரம் சும்மா இருப்பது லேசான காரியமா?

வெள்ளிக்கிழமை வாண்டு ஓவென்று அழுதாள். “நீ ஏமாத்துறே! ஒவ்வொரு தடவையும் வேற வேற மாதிரி செய்யுறே!”

மிளகாய்க்கு வந்த சந்தோஷத்தில், ஜெயித்த பிஸ்கட்டை எல்லாம் தங்கையிடமே கொடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை கடை நிறையப் பிள்ளைகள். மொத்தம் மூன்று ஆட்டம். இரண்டில் ஜெயிப்பவருக்கு வெற்றி.

முதல் ஆட்டத்தில் ஒரு அடி விழுந்ததுமே காது சிவந்தது. கற்றதெல்லாம் காற்றில் பறந்தது. எழுந்தாள், உதைத்தாள், தோற்றாள்.

இரண்டாவது ஆட்டத்திலும் விழுந்தாள். இந்தத் தடவை கட்டைவிரலைத் தூக்கினாள். பார்த்தாள். கண்ணாடியின் வீரன் கைகளைக் குறுக்கே வைத்து, அவளுடைய உதையைத் தடுக்கத் தயாராக நின்றான். தடுப்பவனை உதைத்துப் பயனில்லை. ஆனால் பிடித்துத் தூக்கி எறியலாமே!

எறிந்தாள். கடையே ஆர்ப்பரித்தது. அந்த ஆட்டம் அவளுக்கு.

“கண்ணாடி அண்ணனுக்குக் காது சிவந்துடுச்சு!” என்று கூவினாள் வாண்டு. எல்லோரும் சிரித்தார்கள். வியர்வையில் கண்ணாடியின் மூக்குக்கண்ணாடி மங்கிப் போயிருந்தது.

“அடுத்த ஆட்டத்தை ஆரம்பிக்கலாமா?” என்றார் கடைக்கார அண்ணன்.

இப்போதே ஆரம்பித்தால் சுலபமாக ஜெயித்துவிடலாம். ஆனால் காது சூடேறும்போது எப்படி இருக்கும் என்று மிளகாயைவிட வேறு யாருக்குத் தெரியும்?

“கொஞ்சம் இருங்கண்ணா. அவன் கண்ணாடியைத் துடைச்சுக்கட்டும். வாண்டு, நீ சும்மா இரு.”

கண்ணாடி சட்டை நுனியால் துடைத்துக்கொண்டான். மூச்சை நன்றாக இழுத்து விட்டான். மூன்றாவது ஆட்டம் தொடங்கியது.

அப்படி ஓர் ஆட்டத்தை அந்தக் கடை பார்த்ததில்லை. இரண்டு பேருக்கும் இன்னும் ஒரே ஒரு அடி தாங்கும் பலம்தான் மிச்சம். மிளகாய் விழுந்தாள். விரலைத் தூக்கினாள், பார்த்தாள், பிடிக்கப் பாய்ந்தாள். அதே நொடியில் கண்ணாடி மேலே குதித்து ஓர் உதை விட்டான்.

ஆட்டம் முடிந்தது. மிளகாய் தோற்றுவிட்டாள்.

அவளைத் தெரிந்தவர்கள் மெல்லப் பின்வாங்கினார்கள். காது சுட்டது. மூக்கும் சுட்டது. மிளகாய் ஜாய்ஸ்டிக்கிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். அதை மெதுவாக மேசையில் வைத்தாள்.

“நான் பிடிக்க வருவேன்னு எப்படிக் கண்டுபிடிச்சே?” என்று கேட்டாள்.

“எங்கே கண்டுபிடிச்சேன்? நீ என்ன செய்யப்போறேன்னு ஒண்ணுமே புரியல. பயத்துல குதிச்சுட்டேன்!” என்றான் கண்ணாடி.

மிளகாய்க்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனும் சிரித்தான்.

வாசலில் வேன் வந்து நின்றது. மிளகாய் துள்ளிக் குதித்து ஓடினாள்.

“அம்மா! தோத்துட்டேம்மா!”

அம்மா பதறிப்போய் வேனிலிருந்து இறங்கி, மகளின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

“காய்ச்சல் ஒண்ணும் இல்லையே!”