அலமாரிக்குள் அழைத்த அம்மா

அலமாரிக்குள் போன் அடித்தது.

ஆபீஸ் மிஸ் கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்தாள்.

மறுபடியும் அடித்தது.

பள்ளியில் எல்லோருக்கும் அவள் ஆபீஸ் மிஸ். சான்றிதழ், வருகைப் பதிவு, கேட் பாஸ்... ஒரு வருடமாக இந்த இரும்பு அலமாரியும் அவள் தலையில். காலை எட்டே முக்காலுக்கு மாணவர்கள் போனை அணைத்து, அவரவர் எண்ணுள்ள பையில் போட வேண்டும். மாலை மூன்றரை வரை பூட்டு. சாவி பிரின்சிபாலிடம்.

பிரின்சிபால் ஊரின் மறுகோடியில், கல்வித் துறைக் கூட்டத்தில் இருந்தார். 'பள்ளி நேரத்தில் போன் இல்லாமல் சாதித்தது எப்படி' என்று பேசிக்கொண்டிருப்பார். பேசும்போது தன் போனையும் அணைத்துவிடும் நேர்மையான மனிதர்.

அலமாரிக் கதவு கம்பி வலை. உள்ளே, பையிலிருந்து பாதி எட்டிப்பார்த்த ஒரு போனின் திரை மினுங்கியது.

ஒன்பது பி. பதினேழு.

திரையில் 'அம்மா' என்று இருந்தது.

நின்றது. அடித்தது. நின்றது.

பிறகு ஒரு குறுஞ்செய்தி. அவள் வலையோடு முகத்தை ஒட்டிவைத்துப் படித்தாள்.

'அப்பா ஜெயில்லேர்ந்து வெளியே வந்துட்டார். யார் வந்து கூப்பிட்டாலும் போகாதே. அம்மா கிளம்பிட்டேன். வர ரெண்டு மணி நேரம் ஆகும்.'

ஆபீஸ் மிஸ்ஸின் கை, அவளைக் கேட்காமலே, மேஜை மேலிருந்த கேட் பாஸ் புத்தகத்தைத் திறந்தது.

மணி பத்து பத்து. ஒன்பது பி, பதினேழு. அழைத்துச் சென்றவர்: தாய்மாமா. காரணம்: அம்மாவுக்கு உடல்நிலை சரியில்லை.

கீழே அவளுடைய கையெழுத்து.

இப்போது மணி பத்து நாற்பத்திரண்டு.

இடைவேளைக்கு விட்ட பிள்ளைகளின் கூச்சல் வெளியே. இவளுக்கு மட்டும் காது அடைத்தது.

இல்லை... நான் விசாரிச்சேனே? அம்மா நம்பருக்குப் போன் பண்ணினேனே?

பண்ணியிருந்தாள். பதிவேட்டில் இருந்த எண்ணுக்கு. ஒரு பெண் எடுத்தாள். பின்னால் குழாய்த் தண்ணீர் கொட்டும் சத்தம். பாத்திரம் கழுவுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள். "ஆமாங்க, என் தம்பிதான். எனக்குத்தான் மயக்கமா இருக்கு. அனுப்பிடுங்க" என்றது கரகரத்த குரல்.

அதே எண்ணை மறுபடி அழுத்தினாள்.

"ஹலோ..." அதே கரகரப்பு. அதே தண்ணீர்.

"பள்ளி ஆபீஸ்ல இருந்து பேசறேங்க. நீங்க ஒன்பது பி பதினேழோட அம்மாதானே?"

"ஆமாங்க. அம்மாதான் பேசறேன். என்ன விஷயம்?"

அந்த நொடியில் அலமாரி மறுபடி அலறியது.

திரையில்... அம்மா!

காதில் ஒரு அம்மா. அலமாரியில் ஒரு அம்மா.

"நீங்க... நீங்க யாருங்க?" என்றாள்.

தண்ணீர் நின்றது. இணைப்பும் நின்றது.

* * *

அவள் ஆள் அனுப்பியதும் ட்ரில் மாஸ்டர் மைதானத்திலிருந்து ஓடிவந்தார். பெரிய உடம்பு, குட்டித் தைரியம். பயந்த சுபாவம்.

"பூட்டை உடைக்கணும் சார்."

"பிரின்சிபாலைக் கேட்டீங்களா?"

"சுவிட்ச் ஆஃப்."

"எழுத்துல ஏதாவது உத்தரவு..."

"சார், ஒரு பொண்ணு போயிட்டா. நான்தான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். வெளியே போனார். குண்டு எறிதல் போட்டிக்கான இரும்புக் குண்டோடு திரும்பி வந்தார்.

நான்காவது அடியில் பூட்டு தெறித்தது. அலமாரி ஆடியதில் இரண்டு வரிசைப் பைகள் கீழே கொட்டின.

இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

ஒரு கால்குலேட்டர். கவர் போட்ட சோப்பு டப்பா. பேட்டரி இல்லாத போன்கள், உடைந்த போன்கள், அளவாக வெட்டிக் கறுப்புத் தாள் ஒட்டிய அட்டைகள்.

ட்ரில் மாஸ்டர் ஒரு அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "அப்போ நிஜப் போனெல்லாம் எங்க?"

அவள் பதினேழாம் பையில் கைவிட்டாள். இதுவரை கிடைத்ததில் உயிருள்ள போன் இது ஒன்றுதான். அது மறுபடி அடித்தது; திரையின் பச்சைப் பொத்தானை இழுத்தாள்.

"பாப்பா! ஏன்டி எடுக்கல... நல்லாருக்கியா?"

"அம்மா... நான் பள்ளியோட ஆபீஸ்ல இருந்து..."

"அப்பாடா. எத்தனை தடவை உங்க ஆபீஸ் நம்பருக்கு அடிக்கிறது? 'அன்பான பெற்றோரே, மூன்றரை மணிக்கு மேல் அழைக்கவும்'னு ஒரு பொம்பளை திரும்பத் திரும்பப் பாடறா. அவ நாக்கு அழுகிப் போக."

அந்தப் பொம்பளை இவள்தான். போன் தடை வந்த பிறகு 'என் பிள்ளை சாப்பிட்டானா' என்று நாளுக்கு நூறு அழைப்பு. பொறுக்க முடியாமல் பிரின்சிபால்தான் அவள் குரலைப் பதிவு செய்து மாட்டிவிட்டார்.

"பாப்பாவைக் கூப்பிடுங்க. ஒரு வார்த்தை பேசிக்கறேன்."

"அம்மா, உங்களுக்குத் தம்பி இருக்காரா?"

"எனக்குக் கூடப் பொறந்தவங்களே இல்ல. ஏன்?"

ஆபீஸ் மிஸ் கேட் பாஸ் புத்தகத்தை இழுத்துக்கொண்டாள். சொன்னாள். எப்படிச் சொன்னாள் என்பது அவளுக்கே பிறகு நினைவில்லை.

மறுமுனையில் பேருந்தின் உறுமல் மட்டும்.

"இல்ல," என்றாள் அம்மா மெதுவாக. "என் போன்ல அவ இருக்கற இடம் தெரியும். பள்ளியிலதான் காட்டுது. இதோ, பள்ளியிலதான் இருக்கா."

"காட்டறது... அவ போனை. அது என் கையில இருக்கு."

இப்போது அந்தச் சத்தம் வந்தது. அழுகை என்று சொல்ல முடியாது. மூச்சு உள்ளே போக மறுக்கிற சத்தம்.

"என்னைக் குத்திட்டுத்தான் ஜெயிலுக்குப் போனார். 'வெளிய வந்ததும் பொண்ணை நீ பார்க்கவே முடியாத இடத்துக்குக் கொண்டுபோயிடுவேன்'னு கோர்ட்லயே சொன்னார்..."

"ஏன்மா எங்ககிட்ட சொல்லல?"

"எப்படிம்மா சொல்லுவேன்? உங்க அப்பா எங்கடின்னு நாலு பிள்ளைங்க கேட்டா அவ தாங்குவாளா?"

இரண்டு பெண்கள். நடுவில் நூறு கிலோமீட்டர். இருவர் கையிலும் போன். ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

* * *

ட்ரில் மாஸ்டர் போலீசுக்குச் சொல்ல, பதினொன்று பத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். ஐம்பதைத் தொடும் பெண்மணி. நடந்துகொண்டே கேட்டார், உட்காராமலே எழுதினார்.

"அந்த மாமா வந்த காரோட நம்பர்?"

"வாட்ச்மேன் குறிக்கலையாம் மேடம்."

"ஆள் அடையாளம்?"

"மாநிறம். நடுத்தர உயரம். சட்டை..." அவளுக்குச் சட்டையின் நிறம் வரவில்லை. "சிரிச்ச முகம் மேடம்."

"சிரிச்ச முகத்தை எல்லா ரோட்லயும் நிறுத்தித் தேடச் சொல்றேன்." இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். "அந்தப் பொய் அம்மா நம்பர் எப்படி உங்க பதிவேட்டுக்கு வந்தது?"

"போன மாசம் 'எண் மாறிவிட்டது'ன்னு கையெழுத்தோட கடிதம் வந்தது. மாத்தினேன்."

"யார் கொண்டு வந்தா?"

"அந்தப் பொண்ணேதான்."

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது. "அந்த நம்பரை உங்க கம்ப்யூட்டர்ல தேடுங்க."

தேடினாள்.

ஒரு வரி வந்தது. இன்னொரு வரி. இன்னும்...

பதினோரு பெயர்கள். எல்லாம் ஒன்பது பி.

"பரவாயில்லையே," என்றார் இன்ஸ்பெக்டர். "ஒரே வயசுல பதினோரு பிள்ளைங்க பெத்த தாய். வாங்க, அந்த அம்மாவைப் பார்ப்போம்."

ஒன்பது பி வகுப்பில் இவர்கள் நுழைந்ததும் கணக்கு வாத்தியார் ஓரமாக ஒதுங்கினார்.

"இந்த நம்பர் யாருது?" இன்ஸ்பெக்டர் எண்ணைப் படித்தார்.

முப்பத்தெட்டு வாய்களும் மூடியிருந்தன. போன் வைத்திருந்தால் ஒரு வாரம் வகுப்பை விட்டு நீக்கம். இது விதி. விதியை ஆபீஸ் மிஸ்தான் தட்டச்சு செய்து ஒட்டியிருந்தாள்.

"கண்ணுங்களா," என்றாள். "யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. உங்க கூட உட்கார்ந்திருந்த பொண்ணு. சொல்லுங்கப்பா."

இன்ஸ்பெக்டர் தன் போனை எடுத்து அந்த எண்ணை அழுத்தினார்.

மூன்றாவது பெஞ்சில் ஒரு சாப்பாட்டு டப்பா கிர்ர்ர் என்று நகர ஆரம்பித்தது.

டப்பாவுக்குப் பின்னால் ஒல்லியாக ஒரு பெண் எழுந்து நின்றாள். வகுப்பில் அவளுக்கு 'ஆன்ட்டி' என்று பெயர். வாயைத் திறந்ததும் காரணம் புரிந்தது. பதினாலு வயசு உடம்பில் நாற்பது வயசுக் குரல்.

"நான்தான் மிஸ், அந்த அம்மா," என்றாள்.

பின்னால் யாரோ சிரித்து, உடனே விழுங்கினார்கள்.

"யாருக்கு?"

"எல்லாருக்கும் மிஸ். கேட் பாஸ் வேணும்னா... பாத்ரூம்ல போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பேசுவேன்."

ஆபீஸ் மிஸ் அருகில் போனாள். "பதினேழைக் கூட்டிட்டுப் போனது அவளோட அப்பாடி. உனக்குத் தெரியுமா?"

ஆன்ட்டி விழித்தாள். "அப்பாவா? இல்ல மிஸ். அது டாக்சி அங்கிள். எல்லாருக்கும் அவர்தான் மாமா. ஒவ்வொரு தடவையும் கண்ணாடி, தொப்பின்னு ஆளை மாத்திக்குவார். தியேட்டர் வாசல்ல இறக்கிவிடுவார்."

"தியேட்டரா?"

"மாசத்துல ஒரு நாள் போவா. தனியா. இருட்டுல உட்கார்ந்தா யாரும் 'உங்க அப்பா என்ன பண்றார்'னு கேக்க மாட்டாங்களாம். நிஜப் போனை அலமாரியில ஆன்ல வச்சிட்டுப் போவா. அப்போதான் அவங்க அம்மாவுக்குப் பள்ளியில இருக்கற மாதிரி காட்டும்."

இன்ஸ்பெக்டர் தியேட்டருக்குப் பேசினார். இரண்டு நிமிடம்... மூன்று நிமிடம்... ஆபீஸ் மிஸ் தன் விரல் நகத்தை அது தீரும்வரை கடித்தாள்.

"இருக்கா," என்றார் இன்ஸ்பெக்டர். "கடைசி வரிசை, ஓர சீட். சீருடை மேல ஜாக்கெட். கான்ஸ்டபிள் போறார்."

ஆபீஸ் மிஸ் அங்கேயே, ஒரு மாணவனின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது வாட்ச்மேன் கதவருகே வந்தார்.

"மிஸ், கேட்ல ஒருத்தர். ஒன்பது பி பதினேழைக் கூட்டிட்டுப் போகணுமாம். அப்பாவாம். அடையாள அட்டை எல்லாம் பக்காவா வச்சிருக்கார்."

இன்ஸ்பெக்டர் ஓடவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பின்வழியாக இரண்டு போலீஸ்காரர்களைக் கேட்டுக்கு அனுப்பினார். அதன் பிறகுதான் நடந்தார்.

ஆபீஸ் மிஸ் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள். நன்றாக இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அமைதியாக நின்றார் அந்த மனிதர். போலீஸ் பின்னாலிருந்து கையைப் பிடித்தபோதுதான் அமைதி கலைந்தது. காரிலிருந்து இரண்டு பெட்டிகளை இறக்கினார்கள். பெரியதில் அவருடைய துணி. சின்னதில், ஐந்து வயதுக் குழந்தைக்கான கவுன்கள். அவர் கடைசியாகப் பார்த்தபோது மகளுக்கு அந்த வயதுதான்.

சீட்டின் கீழே ஒரு கத்தி.

அவள் ஆபீசுக்கு வந்து பதிவேட்டைத் திறந்தாள். பதினேழு. தந்தை: பெயர், புகைப்படம், அடையாள எண். எல்லாம் சரியாக இருந்தது.

பள்ளி விதி எட்டு: தந்தை நேரில் அடையாள அட்டையுடன் வந்தால், தொலைபேசி விசாரணை தேவையில்லை.

அந்தப் பெண் ஒழுங்காக வகுப்பில் உட்கார்ந்திருந்தால்... அந்தச் செய்தி யார் கண்ணிலும் படாமல் இருந்தால்... அந்த வெள்ளைச் சட்டையிடம் ஆபீஸ் மிஸ்ஸே பாஸை நீட்டியிருப்பாள். 'போயிட்டு வாம்மா' என்று கையும் ஆட்டியிருப்பாள்.

பதிவேட்டை மூடினாள். அம்மாவுக்குப் பேசினாள்.

"பத்திரமா இருக்காம்மா."

"எங்கே? வகுப்புலயா?"

"நீங்க வாங்க. நேர்ல சொல்றேன்."

வைத்துவிட்டு நிமிர்ந்தாள். இன்ஸ்பெக்டர் வாசலில் நின்றார்.

"மேடம், பிரின்சிபாலுக்கு நான் அறிக்கை எழுதணும். பூட்டை உடைச்சிருக்கோம். பொய்ப் பாஸ், பொய் அம்மா, பொய் மாமா... அதனாலதான் அந்தப் பொண்ணு தப்பிச்சான்னு உண்மையை எழுதவா?"

"எழுதுங்க. ஆனா அதை நோட்டீஸ் போர்டுல மட்டும் ஒட்டிடாதீங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "நாளைக்கே மொத்தப் பள்ளியும் உயிருக்குப் பயந்து படம் பார்க்கப் போயிடும்."