ஒச்சாயி வைக்காத பொட்டு

“அடியே, அதைத் தொடாதே புள்ள! சாமிக்கு வச்ச குங்குமம்!”

சோணை மேஸ்திரி போட்ட சத்தத்தில் அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுவந்த ஒச்சாயி நீட்டிய விரலை இழுத்துக்கொண்டாள்.

வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் ரயில் பாதையைச் சரிபார்க்கும் ஆட்களுக்குச் சோணைதான் தலைவர். ஒச்சாயியின் அப்பா விருமாண்டியும் அவர்களில் ஒருவர். முந்தின நாள் ஆயுத பூஜை. சுத்தியல், கடப்பாரை எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் வைத்தார்கள். தண்டவாளத்தையும் விடவில்லை. குங்குமப் பொட்டு வைத்தது பத்து வயது ஒச்சாயிதான்.

இப்போது தண்டவாளத்தின் பக்கவாட்டில் ஒரு சிவப்புக் கீற்று தெரிந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மாமா, இது நான் வச்ச பொட்டு இல்ல.”

“பொட்டுல உம் பேரா எழுதியிருக்கு?” என்றார் சோணை. எல்லோரும் சிரித்தார்கள்.

“நான் வட்டமா வச்சேன். அதுவும் அங்குட்டுத் தண்டவாளத்துல. ராத்திரி பேஞ்ச மழையில அம்புட்டும் கரைஞ்சு போச்சு. இது மட்டும் எப்பிடி நிக்கும்?”

“நல்ல குங்குமமா இருக்கும்.”

ஒச்சாயி சட்டென்று விரலால் தொட்டு மோந்து பார்த்தாள். “குங்குமமா இது? துருப்பிடிச்ச ஆணி மாதிரி நாறுது!”

அப்பா எழுந்து வந்தார். சுத்தியலால் தட்டினார். மற்ற இடங்களில் ‘ணங்’ என்றது. அங்கே மட்டும் ‘டொக்’ என்றது.

“மழையில தண்டவாளத்துக்கு அடியில இருக்கிற கட்டை ஊறியிருக்கு. அதான் சத்தம் மாறுது” என்றார் சோணை. “திண்டுக்கல் வண்டி வர்ற நேரம். ஒரு பொட்டுக்காக வண்டிய நிறுத்துனோம்னு மேல தெரிஞ்சா உன் வேலை போயிரும், விருமாண்டி. என் வேலையும்தான்.”

அப்பா சுத்தியலைக் கீழே வைத்தார். ஒச்சாயி தண்டவாளத்தையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். வண்டியை நிறுத்தினால் அப்பாவுக்கு வேலை போகலாம். நிறுத்தாவிட்டால் வண்டியில் வருகிறவர்கள் என்ன ஆவார்கள்?

பாவாடை நுனியால் அந்தச் சிவப்பை அழுத்தித் துடைத்தாள்.

“அய்யா, கடப்பாரைய அடியில கொடுத்து நெம்புங்க. குங்குமம்னா திரும்ப வராதுல்ல?”

அப்பா நெம்பினார். மயிரிழை போல ஒரு விரிசல் வாய் திறந்தது. அதிலிருந்து துரு கலந்த சிவப்புத் தண்ணீர் கசிந்தது.

“ஆத்தீ!” என்று அலறினார் சோணை.

கருவிகளோடு கிடந்த சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு ஓடினார். வேட்டி அவிழ்ந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. நல்லவேளை, உள்ளே டவுசர் இருந்தது. தூரத்தில் புகை தெரிந்தது. வண்டி ஊதிக்கொண்டே வந்து, எட்டத்திலேயே நின்றுவிட்டது.

“எவன்யா நிறுத்துனது? கோரிப்பாளையத்துல எம் மாமியா வீட்டுக் கறிச்சோறு ஆறிப்போகும்யா!” என்று ஒருவர் கத்திக்கொண்டு இறங்கினார்.

“உசுரு இருந்தா சூடு பண்ணித் தின்னுக்கலாம் மாப்ள” என்றார் இன்னொருவர்.

பாதையோரம் மாற்றுத் தண்டவாளம் ஒன்று கிடந்தது. பழையதைக் கழற்றி எல்லோரும் தூக்கிக் கீழே போட்டார்கள். விழுந்த வேகத்தில் அது இரண்டாக ஒடிந்தது.

கறிச்சோற்றுக்காரர் வாயை மூடிக்கொண்டார்.

“ஒரே நாள்ல இப்பிடி ஆயிருமாய்யா?” என்று ஒச்சாயி அப்பாவிடம் கேட்டாள்.

“இல்ல ஆத்தா. உள்ளுக்குள்ள கடுகளவா ஆரம்பிச்சிருக்கும். வண்டி ஏற ஏற வளர்ந்திருக்கு.”

“கம்பிய இங்குட்டும் அங்குட்டும் வளைச்சுக்கிட்டே இருந்தா ஒடியுமே, அது மாதிரியா?”

“அதேதான். இரும்புக்கும் அலுத்துப் போகும்ல.”

புதுத் தண்டவாளத்தை முடுக்கி முடித்ததும் டிரைவர் வந்தார். “இதைக் கண்டுபிடிச்சது யாரு?”

எல்லோரும் சோணையைப் பார்த்தார்கள். சோணை தொண்டையைச் செருமினார்.

“நாங்க அம்புட்டுப் பேரும் அதைப் பொட்டுன்னு கும்பிட்டுக்கிட்டு இருந்தோம். இல்லைன்னு சொன்னது இவதான். விருமாண்டி மக, ஒச்சாயி.”

டிரைவர் தொப்பியைக் கழற்றி அவளுக்கு வணக்கம் சொன்னார். வண்டி மெதுவாக நகர்ந்தது. சன்னலுக்குச் சன்னல் கைகள் நீண்டு அசைந்தன.

அப்பா ஒச்சாயியை அலாக்காகத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

“இறக்கி விடுங்கய்யா! நான் என்ன பச்சப்புள்ளையா? எல்லாரும் பாக்குறாங்க!”

“பாக்கட்டும்னுதான ஆத்தா தூக்கியிருக்கேன்!”