ஆறாவது விரல்

பால் சொசைட்டி வண்டியின் ஹாரன் அன்று சாயங்காலம் இரண்டு தடவை கேட்டது. முதலில் தார் ரோட்டுப் பக்கமிருந்து, எப்போதும்போலக் கரகரத்து இழுத்துக்கொண்டு வந்தது. அது அடங்குவதற்குள் இன்னொன்று, அதே கரகரப்பு, அதே இழுப்பு, ஆனால் டப்பாவுக்குள் போட்டு மூடியதுபோலச் சின்னதாக. வாசலில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த கனிமொழி கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். இரண்டாவது சத்தம் வீட்டுக்குள்ளிருந்து, கட்டிலில் குப்புறப் படுத்திருந்த மகள் வெண்மதியின் கையிலிருந்த செல்போனிலிருந்து வந்திருந்தது.

போன் இங்கே கேட்டதை எங்கோ கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்து போட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பெங்களூரிலிருந்து புருஷன் மாதேஷ் பேசும்போதும் சில நாள் அப்படித்தான், அவள் சொன்னதே அவள் காதில் வந்து விழும். தன்னோடு தானே பேசிக்கொண்டிருப்பதாகத் தோன்றும். உண்மையும் அதற்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. பேக்கரியில் வேலை பார்க்கிறவனுக்கு எந்நேரமும் அவசரம். அவன் 'ம்' கொட்டி முடிப்பதற்குள் யாராவது அவனைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

சின்னமாது கொட்டாய் என்பது கம்பைநல்லூர் ரோட்டிலிருந்து காட்டுக்குள் தள்ளி நிற்கும் ஒரே ஒரு ஓட்டு வீடு. அந்தப் பக்கத்தில் யார் முதலில் நிலம் திருத்திக் குடியேறினார்களோ அவர்கள் பேர்தான் இடத்துக்கும் பேர். மாதேஷின் அப்பா சின்னமாது போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவர் பேர் மட்டும் பஸ் நிற்கிற இடத்தில், பஞ்சாயத்து நட்ட பச்சைப் பலகையில், வெயிலிலும் மழையிலும் நின்றுகொண்டிருக்கிறது. அந்தப் பேரைச் சொல்லிக் கண்டக்டர் கத்தினால் இறங்குவது அநேகமாகக் கனிமொழி ஒருத்திதான்.

வீட்டைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மரவள்ளி, குச்சிக்கிழங்குக் காடு. அதைத் தாண்டிக் குப்புராஜ் அண்ணன் வீட்டு விளக்கு. வேறு மனுஷ வாடை கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வெண்மதிக்கு விளையாட ஆட்டுக்குட்டி ஒன்றுதான். அதுவும் மேய ஓடிவிட்டால் குழந்தை தூணிடம் உட்கார்ந்து பேசும். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் கனிமொழி போனைக் கொடுத்தாள். தோட்டம் போடுகிற விளையாட்டு அது. இவள் ஒரு செடி வைத்தால் எங்கோ இருக்கும் இன்னொரு பிள்ளை அதற்குத் தண்ணீர் ஊற்றும், இரண்டு பேரும் பேசிக்கொள்ளலாம். அப்படிக் கிடைத்தவள் மிட்டு. சென்னையாம், மூன்றாம் வகுப்பாம். கீச்சுக் குரலில் ஓயாமல் சிரிப்பாள். இந்த வீட்டில் இன்னொரு குழந்தையின் சிரிப்புக் கேட்பது கனிமொழிக்கும் பிடித்திருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆளும் இல்லை.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடவில்லை. பள்ளிக்கூடத்தில் சுசித்ரா டீச்சர் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஐந்து விரல் பாடம் நடத்தியிருந்தார். போனில் யார் கேட்டாலும் சொல்லக்கூடாதவை ஐந்து. பேர், ஊர், பள்ளிக்கூடம், போன் நம்பர், போட்டோ. ஒன்றுக்கு ஒரு விரல். மடக்கினால் முட்டி, முட்டிக்குள் இருப்பதை யாருக்கும் காட்டக்கூடாது. வெண்மதி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். விளையாட்டில் தன் பேரைக்கூட மாற்றி 'ரோசாப்பூ' என்று வைத்திருந்தாள். கனிமொழியும் சோறு ஊட்டும்போது அவ்வப்போது சோதித்துப் பார்ப்பாள். மிட்டு உன் ஊர் எதுவென்று கேட்டால் என்ன சொல்வாய் என்பாள். குழந்தை வாய் நிறையச் சோற்றோடு முட்டியை உயர்த்திக் காட்டும். கனிமொழிக்கு வயிறு குளிர்ந்துவிடும்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் ஊர்க்கோயில் மைக்கில் தர்மகர்த்தா மாதவராஜ் பேச ஆரம்பித்தார். நாளைக்குக் கூழ் ஊற்றுவதாகவும் வீட்டுக்கு ஒருவர் பாத்திரத்தோடு வரவேண்டும் என்றும் சொல்லிவிட்டு, வழக்கம்போல மைக்கை மூடாமலே தொண்டையைக் கனைத்தார். காற்றில் மிதந்து வந்த அந்தக் கனைப்பு கட்டிலிலிருந்தும் வந்தது.

கனிமொழி மடியில் இருந்த புளியை முறத்தில் போட்டாள். அதற்குள் மேற்கே வானம் கறுத்துக் காற்று கிளம்பிவிட்டது. குச்சிக்கிழங்கு இலைகள் ஒன்றோடொன்று உரசி, யாரோ பலபேர் செருப்பில்லாமல் காட்டுக்குள் நடப்பதுபோலச் சரசரத்தன. மண் வாசனை எழுந்தது. முதல் துளிகள் ஆட்டுப்பட்டித் தகரத்தில் சொட்டென்று விழுந்தபோது கரண்டும் போனது. மகளைக் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டு ஆடுகளைக் கட்ட ஓடினாள். குட்டி ஒன்று பயந்துகொண்டு வைக்கோல் போருக்குப் பின்னால் போய் நின்றிருந்தது. அதைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து பட்டியில் அடைத்து, நனைந்த புடவையோடு திரும்பி முன்கதவைத் தாழிட்டாள்.

பின்பக்கம் போய்ப் பார்த்தால் கதவு சாத்தியிருந்தது, தாழ் போட்டிருக்கவில்லை. இப்படியா திறந்து போடுவாள் ஒருத்தி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு தாழை இழுத்துப் போட்டாள். திரும்பும்போது, முன்கதவுக்குப் போகிற வழியில் மூட்டை அடுக்கிய அறையிலிருந்து புளி வாசனை ஈரத்தோடு சேர்ந்து நெஞ்சை அடைத்தது.

சிம்னி விளக்கைப் பற்ற வைத்தாள். வெண்மதி சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். போன் மடியில் இருந்தது. குழந்தையின் முகத்தில் ஏதோ ஒரு குறுகுறுப்பு.

மிட்டு போய்விட்டாளா என்று கேட்டாள்.

"இல்லம்மா. இருக்குது."

போனிலிருந்து பேச்சு வரவில்லை. மழை வந்தது. ஓட்டின் மேல் விழுகிற மழை. சென்னையில் ஓட்டு வீடு இருக்காதா என்ன என்று மனசை ஏமாற்றப் பார்த்தாள். அந்த நேரம் வெளியே ஒரு இடி உருண்டது. போனுக்குள்ளும் உருண்டது. அதே நொடியில்.

குனிந்து திரையைப் பார்த்தாள். மைக் படத்தின் மேல் சிவப்புக் கோடு ஒன்று குறுக்காக ஓடியது. அது என்ன என்று கேட்டாள். நாம் பேசுவது அங்கே கேட்காமல் மூடி வைத்திருப்பதாக வெண்மதி சொன்னாள். பேசும்போது மட்டும் அமுக்குவாளாம். டீச்சர் சொன்னதாம்.

அப்படியானால் ஹாரன் இங்கிருந்து போகவில்லை. மாதவராஜின் கனைப்பும் இங்கிருந்து போகவில்லை. அவை மிட்டு இருக்கிற இடத்திலேயே, இங்கே எங்கேயோ பக்கத்தில், கேட்டிருக்கின்றன. கனிமொழியின் முதுகில் நனைந்த ஜாக்கெட் பனிக்கட்டியாக ஒட்டியது. பயம் வந்துவிட்டது. பயத்துக்கு மேல், குழந்தைக்கு அது தெரியக்கூடாதே என்ற தவிப்பும் வந்தது.

மகளின் பக்கத்தில் உட்கார்ந்து, கோபமில்லாத குரலை எப்படியோ தேடி எடுத்துக்கொண்டு, மிட்டுவிடம் ஊர்ப் பேர் சொன்னாயா என்று கேட்டாள். வெண்மதி முட்டியை உயர்த்தினாள். பள்ளிக்கூடம்? நம்பர்? போட்டோ? முட்டி அப்படியே இருந்தது. குழந்தை பொய் சொல்லவில்லை என்பது பெற்றவளுக்குத் தெரியாதா.

"வேற என்னடா கேட்டுச்சு?"

"தாத்தா பேரு மட்டும்தாம்மா கேட்டுச்சு. அது அஞ்சு விரல்ல இல்லியே."

கனிமொழிக்கு ஒரு கணம் எதுவும் கேட்கவில்லை, மழைகூட. ரோட்டில் நிற்கும் பச்சைப் பலகை கண்ணுக்குள் வந்தது. கண்டக்டரின் குரல் வந்தது. போனில் வரைபடத்தை எடுத்து அந்தப் பேரைப் போட்டால் இந்த ஓட்டு வீட்டின் தலையில்தான் சிவப்புப் புள்ளி வந்து உட்காரும். மாதேஷ் ஒருமுறை பெருமையாகக் காட்டியிருக்கிறான். பெரிய ஊர்ப் பிள்ளைகளுக்கு வைத்த பாடம் அது. அங்கே தாத்தா பேர் வெறும் பேர். ஆறாவதாக ஒரு விரல் வேண்டியிருந்தது இந்தக் காட்டுப் பிள்ளைக்கு மட்டும்தான். அதை டீச்சரும் யோசிக்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை.

விளையாட்டை அணைத்தாள். மாதேஷுக்குப் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. குப்புராஜ் அண்ணனுக்குப் போட்டாள். அவர் அரூரில் இருந்தார், மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தார். வீட்டுப் பக்கம் யாரோ நிற்கிற மாதிரி இருக்கிறது என்று சொன்னாள்.

"கதவ தெறக்காதம்மா. யாரு கூப்புட்டாலும் தெறக்காத. நான் வண்டி எடுத்துட்டேன்."

வெளியே குப்புராஜ் வீட்டு விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு நின்றது. இரண்டு கதவுகளையும் போய்த் தொட்டுப் பார்த்தாள். முன்தாழ் உறுதி. பின்தாழ் உறுதி. ஜன்னலையும் சாத்தினாள். வருகிறவன் வெளியே, தாங்கள் உள்ளே. அப்படி நினைத்துக்கொள்ள முயன்றாள். ஆனால் போன் ஊமையாக இருந்தது, அதுதான் அவளைத் தின்றது. அவன் பட்டியில் நிற்கிறானா, கிணற்றடியில் நிற்கிறானா, இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறானா? சத்தம் இருந்தவரை கொஞ்சமாவது தெரிந்தது. வெண்மதி தடுக்கப் பார்ப்பதுபோலக் கையை நீட்டியதைக் கவனிக்காமல் விளையாட்டை மறுபடி திறந்தாள்.

திரையில் தோட்டம் பூத்திருந்தது. மிட்டு அங்கேயே இருந்தாள். சிவப்புக் கோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். இருந்தது.

மழை கேட்டது. மூடிய மழை. கூரைக்குக் கீழே இருந்து கேட்கிற மழை.

அவள் தலைக்கு மேல் ஓட்டு இடுக்கில் நீர் கோத்துக்கொண்டு ஒழுக ஆரம்பித்தது. எப்போதும் ஒழுகுகிற இடம்தான். கை பழக்கத்தில் போய் வெண்கலக் குண்டானை எடுத்து அதன் கீழ் வைத்தது.

ணங்.

போனிலிருந்து, ணங்.

அடுத்த சொட்டு. ணங். போனிலும்.

கனிமொழி குண்டானைப் பார்த்தாள். குண்டான் இப்போதுதான் வைத்தது. இந்த அறையில். சுவருக்கு வெளியே இந்த மழையில் இது கேட்காது.

"அம்மா," என்றாள் வெண்மதி மெதுவாக. "சொன்னா அவுட்டுன்னு சொல்லிருக்குது."

"யாரு?"

"மிட்டு. கண்ணாமூச்சி. மழைல நனையுறேன்னு அழுதுச்சும்மா. நீ ஆடு கட்டப் போனப்ப பின்னாடி தாழ எடுத்துவுட்டேன். அப்பறம் கண்ண மூடிக்கிட்டு எண்ணச் சொல்லுச்சு. எண்ணுனேன்."

ஆக, தாழ் போட மறந்தது அவள் இல்லை. அவள்தான் அதற்கப்புறம் போய்ப் போட்டாள். தன் கையால், உறுதியாக இழுத்து.

வெண்மதியை வாரி எடுத்தாள். குழந்தையின் நெஞ்சு குருவிபோல அடித்துக்கொண்டது. முன்கதவுக்குப் போக வேண்டும். போக வேண்டுமானால் புளி அறையைத் தாண்ட வேண்டும்.

"எங்க ஒளிஞ்சிருக்குது?" என்றாள். வெறும் காற்றாகத்தான் வந்தது.

கட்டிலில் கிடந்த போன் கொஞ்சம் பிந்தி அதையே சொன்னது. அவள் குரலில். எங்க ஒளிஞ்சிருக்குது.

பிறகு கீச்சென்று ஒரு சிரிப்பு. போனிலிருந்து ஒன்று. போன் இல்லாமல் ஒன்று.

ஓட்டு இடுக்கில் புகுந்த காற்றில் சிம்னி அணைந்தது.

வெண்மதி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, விரலை மட்டும் நீட்டினாள்.

புளி அறை. கதவு சாத்தியிருந்தது. அதன் அடியில் வெளிச்சம். மெல்லிய நீலக் கோடு, போன் வெளிச்சம். கோடு முழுசாக இல்லை. நடுவில் இரண்டு இடத்தில் இருட்டு, பக்கத்தில் பக்கத்தில், கதவை ஒட்டி ஒருவர் நின்றால் கால் மறைக்கிற அளவுக்கு.

அது குழந்தைக் கால் இல்லை.