நவோமியும் ஜோனாவும் ஒரே நாற்காலியில்

நைரோபி மழை வந்தாலும் வந்தது, ங்கோங் சாலையில் மட்டாட்டு வேன் அங்குலம் கூட நகரவில்லை. ஜன்னலோரம் ம்வெண்டே. பக்கத்தில் ஒருவன்... நனைந்த சட்டை, கோபத்திலும் சிரிக்கிற கண்கள். கைபேசியைக் குத்திக் குத்தி எழுதிக்கொண்டிருந்தான்.

எட்டிப் பார்ப்பது தப்புதான். ஆனாலும் பார்த்தாள்.

'அன்புள்ள நவோமி, உங்கள் ஜோனா சரியான முரட்டுக் கழுதை...'

அவன் அனுப்பிய நொடியே அவள் பைக்குள் கைபேசி சிணுங்கியது. ஐயோ!

ஏனென்றால் நவோமி அவள்தான். அந்தக் கழுதையும் அவளேதான்.

அவள் வேலை பார்ப்பது, பேருந்துகளில் இருக்கை பதிவு செய்யும் மென்பொருள் செய்கிற கம்பெனியில். மொத்தமே ஐந்து பேர். "ஒரே பொண்ணு எல்லாத்துக்கும் பதில் போடுதுன்னு தெரிஞ்சா எவன் நம்மள நம்புவான்?" என்று முதலாளி முட்டிசோ வைத்த வழக்கம், அவள் ஒருத்தியே இரண்டு பேரில் பதில் எழுதுவது. இனிக்கப் பேச நவோமி, முடியாது என்று சொல்ல ஜோனா. ம்வெண்டேவுக்கு அந்த வேலை பிடித்துத்தான் இருந்தது. காலையில் ஒரு யோசனை சொன்னால் மாலையில் நடந்துவிடும். ஆனால் அவளுக்குக் காய்ச்சல் வந்தால் கம்பெனியில் பாதிப் பேருக்குக் காய்ச்சல்!

கைபேசியில் அனுப்பியவர் பெயரைப் பார்த்தாள். அப்படியென்றால் இவன்... காக்கமேகா பேருந்துகளின் முதலாளி பராசா! ஐந்து மாதமாக நவோமிக்கு எழுதுகிறவன். அவன் கடிதம் வராத நாளில் தேநீர்கூட இறங்காது அவளுக்கு.

"அந்த ஜோனா மேல அவ்வளவு கோபமா?" மெல்லக் கேட்டாள்.

"எட்டிப் பாத்தீங்களா?" திரும்பினான். "பாத்தது பாத்தாச்சு, கேளுங்க. அவன் கிடக்கறான். நான் நவோமியத்தான் பாக்கப் போறேன்."

"எதுக்கு?"

"கல்யாணம் ஆயிடுச்சான்னு கேக்க."

அவளுக்குப் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல்? நவோமி மேலா? தலை சுற்றியது. உண்மையைச் சொன்னால் கம்பெனியின் பெரிய வாடிக்கையாளர் போய்விடுவார், ஐந்து பேர் பிழைப்பும் போய்விடும். சொல்லாவிட்டால்... "நவோமி மொம்பாசாவுக்கு மாறிட்டாங்க" என்று முட்டிசோ கூசாமல் சொல்வார். இவன் நம்பிவிட்டுப் போயே போய்விடுவான்.

ஒருவழியாக வேன் நகர்ந்து, இருவரும் ஒரே நிறுத்தத்தில் இறங்கினார்கள். அவள் அலுவலகப் படிக்கட்டு வரை கூடவே வந்தான். "நீங்களும் இங்கயா வேலை? நவோமி எந்த மாடி?"

"மாடியெல்லாம் இல்ல..." என்றாள். "நான்தான் நவோமி. ஜோனாவும் நான்தான்."

சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான்.

"அஞ்சு மாசமா என்னைப் பைத்தியக்காரன் ஆக்கியிருக்கீங்க!"

மழையில் இறங்கி நடந்துவிட்டான். போச்சு, எல்லாம் போச்சு.

"நில்லுங்க!" அவளும் நனைந்துகொண்டே ஓடினாள். "ஒப்பந்தத்த முறிச்சுக்கோங்க... ஆனா எழுதினது பொய்யில்ல. பேருதான் பொய்."

நின்றான். "அப்ப ஜோனாவா இருந்து என்னைக் கிழிகிழின்னு கிழிச்சது?"

"அதுவும் நிஜம். அதுக்கு முன்னாடி ரெண்டு நாளா நீங்க நவோமிக்கு எழுதல. அந்தக் கோபம்..."

நெற்றியைப் பிடித்துக்கொண்டான். "ஒண்ணுமே புரியலைங்க. யாரைப் பிடிச்சுது, யாரோட சண்டை போட்டேன்... எல்லாம் குழம்பிப் போச்சு."

"எனக்கும்தான்."

"முதல்ல உங்க பேரைச் சொல்லுங்க."

"ம்வெண்டே."

"ம்வெண்டே..." ஒருமுறை சொல்லிப் பார்த்தான். "என் பஸ்ஸுக்கெல்லாம் சீட்டுப் பதிவு உங்க கம்பெனிதான். ஆனா இனிமே பதில் இந்தப் பேர்லதான் வரணும். உங்க முதலாளிகிட்ட நானே பேசறேன்."

"இப்பவே ஒரு பதில் சொல்லட்டுமா?"

"நான் இன்னும் ஒண்ணும் கேக்கலையே!"

"கல்யாணம் ஆகல," என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "அப்புறம்... உங்களைப் பிடிச்சிருக்கு. நவோமிக்கு இல்ல... எனக்கு."