எவ்வளவு மெதுவாக ஓடும்?

"இருபத்துநாலாயிரம். அதுக்குக் கீழே பேச்சே கிடையாது!"

சொல்லிவிட்டு யாஸ்னா ஸ்டியரிங்கை ஓங்கித் தட்டினாள். ஆற்றுப் பாலத்து முனையில் சிக்னல் சிவப்பாக நின்றது. கண்ணாடியெல்லாம் மழை... இந்தப் பாலத்தைத் தாண்டி ஒரு நாளைக்குப் பதினாறு முறை தெமூக்கோ நகரத்துக்குப் போய்வருகிறது அவளுடைய பதினோராம் நம்பர் ஷேர் டாக்ஸி. ஓடிக்கொண்டிருக்கும்வரை அவள் ராணி. சிக்னலில் நிற்பதுதான் வேப்பங்காய். கால் ஆடும், விரல் தாளம் போடும், வாய் யாரோடாவது சண்டைக்குப் போகும். முப்பத்தொரு வயதுவரை அடங்காத குணம் இனிமேல் அடங்கவா போகிறது?

முன் சீட்டில் உட்கார்ந்திருந்த டோன்யா ஒத்திலியா மடியிலிருந்த பூசணிக்காயை அணைத்துக்கொண்டு கேட்டாள். தினமும் வருகிற பெரியம்மா; 'டோன்யா' என்பது மரியாதை அழைப்பு. ஊர்க்கதை முழுக்க அவளுக்கு வேண்டும். "எதைப் பத்திப் பேசறே பொண்ணே?"

"சுவத்துல மாட்டுற ஏ.சி.தான் டோன்யா, ஊர்ல 'காத்து'ங்கிறாங்களே. குளிருக்குச் சூடு குடுக்குமே, அது. அப்பாவோட நுரையீரல் புகையிலேயே வெந்துபோச்சாம். ஒண்ணு வீட்டுல விறகடுப்பு அணையணும், இல்லே அவரு வீட்டை விட்டுப் போகணும்னு டாக்டர் சொல்லிட்டார். வர்ற சனிக்கு அடுத்த சனி எங்கண்ணன் வர்றான். வீட்டுல புகை இருந்தா அப்பாவை வடக்கே கூட்டிட்டுப் போயிடுவான்."

"அந்த மணல்காட்டுக்கா! மழையே பாக்காத ஊராச்சே..."

"அதான் இருபத்துநாலாயிரம் பி.டி.யு. சூடு குடுக்கிற பெருசா வாங்கப் போறேன். வீடு முப்பத்தாறு சதுர மீட்டர்தான். ஆனா குளிரு பெருசாச்சே!"

"பன்னண்டாயிரம் போதும்."

குரல் பின் சீட்டிலிருந்து வந்தது. யாஸ்னா நிமிர்ந்து பின்புறம் காட்டும் கண்ணாடியைப் பார்த்தாள். இரண்டு கண்கள்... தேன் நிறம். இமையோரம் இன்னும் காயாத மழைத்துளி. மூக்கிலிருந்து கீழே எல்லாம் கம்பளித் துண்டுக்குள் ஒளிந்திருக்க, அந்தக் கண்கள் மட்டும் சிரித்தன. சிரிப்பதா? அவளைப் பார்த்தா?

"உங்களை யாருங்க கேட்டா?"

"வண்டியில எல்லாருக்கும் கேக்கத்தானே சொன்னீங்க, தலைவி."

"வீடு சின்னதுன்னா மெஷினும் சின்னது போதும்... அதானே சொல்ல வர்றீங்க?"

"ஐயோ, இல்லீங்க. பெரிய மெஷின் உங்க வீட்டை அஞ்சு நிமிஷத்துல சூடாக்கிட்டு நின்னுடும். குளிர்ந்ததும் திரும்பக் கிளம்பும். நிக்கும், கிளம்பும்... சிக்னலுக்குச் சிக்னல் நிக்கிற வண்டி எவ்வளவு பெட்ரோல் குடிக்கும்? உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். நன்றாகவே தெரியும். அதனால்தான் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

"வேகம் கூட்டிக் குறைக்கிற மோட்டாரா பாருங்க. கடைக்காரன்கிட்ட எவ்வளவு வேகமா ஓடும்னு கேக்காதீங்க. எவ்வளவு மெதுவா ஓடும்னு கேளுங்க. சந்தைக்குப் போகணும், இங்கேயே எறங்கிக்கிறேன்."

காசு அவன் கையிலிருந்து பக்கத்து ஆள் கைக்கும், அங்கிருந்து டோன்யா ஒத்திலியா கைக்கும் மாறி யாஸ்னாவிடம் வந்து சேர்ந்தது. இன்னும் சூடாக இருந்தது. அவன் மழைக்குள் இறங்கி ஓடினான். பின்னால் நின்ற வண்டிகள் கத்தத் தொடங்கிய பிறகுதான் பச்சை விழுந்து எவ்வளவோ நேரமாகிவிட்டதென்று அவளுக்கு உறைத்தது.

அன்று வண்டியைக் கூட்டும்போது பின் சீட்டுக்கடியில் ஒரு அளவு டேப் கிடைத்தது. அதன் முதுகில் ஆணியால் கீறியிருந்த பெயர்: எலியேசர், ஏ.சி. மெக்கானிக். கீழே ஒரு போன் நம்பர்.

*

மறுநாள் கடையில் விற்பனையாள் வாயெல்லாம் பல்லாக நின்றான். "இதைப் பாருங்க, இருபத்துநாலாயிரம். தள்ளுபடியில போட்டிருக்கோம். ஊரையே சூடாக்கும்!"

கையில் இருந்ததே நாலரை லட்சம் பேசோ. இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஓட்டிச் சேர்த்தது. தள்ளுபடி விலை அதை அப்படியே விழுங்கிவிடும். அந்தத் தேன்கண்காரன் முகத்தில் கரி பூசவாவது இதை வாங்கிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. அப்பாவின் இருமல் நினைவுக்கு வந்தது. யாஸ்னா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இது... எவ்வளவு மெதுவா ஓடும்?"

விற்பனையாள் விழித்தான். "மெதுவாவா? இது ஓடும், இல்லாட்டி நிக்கும். நடுவுல ஒண்ணும் கிடையாது. இத்தனை வருஷத்துல யாருமே இப்படிக் கேட்டதில்லையே!"

கேட்டது நல்லதாகப் போயிற்று. வேகம் மாறும் மோட்டார் வைத்த பன்னிரண்டாயிரம், பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்தாலும் சூடு கொடுக்குமென்று அட்டையிலேயே அச்சடித்தது, மூன்று லட்சத்துக்குக் கிடைத்தது. மீதியில் மாட்டும் கூலியைச் சமாளிக்கலாம். மாட்டுவது யார்? அவள் பையிலிருந்து டேப்பை எடுத்தாள்... வைத்தாள்... திரும்ப எடுத்தாள். மனசு குரங்காகத் தாவியது. கடைசியில் நம்பரை அழுத்திவிட்டாள்.

"உங்க டேப் எங்கிட்ட இருக்கு."

"அப்பாடா! பன்னண்டா, இருபத்துநாலா?"

"...பன்னண்டு."

மறுமுனையில் அவன் சிரித்தது அவள் காதுக்குள் கூசியது.

*

வெள்ளிக்கிழமை வந்தான் எலியேசர். துண்டை அவிழ்த்ததும் மீதி முகமும் தெரிந்தது. 'பரவாயில்லை' என்று நினைத்தாள். பொய். பரவாயில்லைக்கும் மேலே.

அப்பா டொன் அர்னோல்டோ விறகடுப்பை ஒட்டி நாற்காலி போட்டு, காது மறையத் தலையில் துண்டு சுற்றி, போருக்குப் புறப்பட்டவராக உட்கார்ந்திருந்தார். "காசு குடுத்து யாராவது காத்தை வீட்டுக்குள்ள கூட்டிட்டு வருவாங்களா? என் சிநேகிதன் செகுந்தோ சூடான அடுப்பை விட்டு வெளியே வந்தான், காத்து அடிச்சுது, வாய் ஒரு பக்கமா கோணிப்போச்சு. இன்னிக்கு வரைக்கும் அவனால விசில் அடிக்க முடியல!"

"அப்பா, அது வேற காத்து..."

"காத்துல என்ன வேற? பேரே காத்துதானே!"

எலியேசர் ஏணியிலிருந்து திரும்பினான். "காத்துன்னு யாரு சொன்னது டொன் அர்னோல்டோ? ஊர்க்காரங்க தப்பாப் பேரு வெச்சுட்டாங்க. இது சுவத்துல மாட்டுற அடுப்பு. விறகு கேக்காது, புகை விடாது, அவ்வளவுதான்."

கிழவர் கண்ணைச் சுருக்கினார். "அடுப்புன்னா டீத்தண்ணிக் கெண்டியை எங்கே வைப்பே?"

எலியேசர் பெட்டியின் தலையில் கையால் கெண்டி அளவு பார்த்தான். இடம் போதவில்லை. யாஸ்னாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அவனும் சிரித்தான். ஏணிக்குக் கீழிருந்து அவள் நீட்டிய திருகாணியை வாங்கும்போது விரல் விரலைத் தொட்டது.

"உங்க கால் எப்பவும் இப்படித்தான் ஆடுமா?"

"வண்டி நின்னா கால் ஓடும்."

"அது சரி," என்றான். அவள் காலைப் பார்த்தபடியே.

அதன்பிறகு தினமும் பின் சீட்டில் அந்தக் கண்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவளுடைய பார்வை ரோட்டுக்குப் போகுமுன் கண்ணாடிக்குத்தான் போயிற்று.

*

வியாழக்கிழமை உறைபனி விழுந்தது.

மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பினால் வாசலிலேயே புகை நெடி. அப்பா விறகடுப்பை மூட்டியிருந்தார். குனிந்து இருமிக்கொண்டிருந்தார், நிமிரக்கூட முடியாமல். சுவரில் அந்தப் பெட்டி முப்பது டிகிரியில் உறுமியது, வீடோ குளிர்ந்துகிடந்தது.

"ஒரு மணி நேரமா கத்துது. கால் விரல்கூடச் சூடாகல," என்றார் மூச்சு வாங்க.

நாளை மறுநாள் அண்ணன். யாஸ்னா கதவை அகலத் திறந்து புகையை வெளியே விட்டாள். போனை எடுத்தாள்.

"சின்னதை என் தலையில கட்டிட்டீங்க! எங்கப்பா இருமிச் சாகறார். இப்பத் திருப்தியா? ஏமாத்துக்காரர்!"

இருபது நிமிடத்தில் எலியேசர் மூச்சிரைக்க வந்து நின்றான். ரிமோட்டைப் பார்த்தான்.

"காலையில அணைச்சீங்களா?"

"தினமும்தான் அணைக்கிறேன். நான் வண்டிக்குப் போயிடறேன், அப்பா டோமினோ ஆடப் போயிடறார். எரியிற அடுப்பை விட்டுட்டு யாராவது வீட்டைப் பூட்டுவாங்களா?"

"ராத்திரியும்?"

"நெருப்பை அணைக்காம எப்படித் தூங்கறது?"

எலியேசர் நெற்றியில் கை வைத்தான். "தப்பு என் மேலதான். விறகடுப்பு வீட்டுல பொறந்தவங்களுக்கு இதை மொதல்ல சொல்லியிருக்கணும். இது நெருப்பு இல்லீங்க. அணைக்கவே கூடாது. சுவரெல்லாம் குளிர்ந்ததுக்கப்புறம் முப்பதுல வெச்சு விரட்டினா பாவம், அது என்ன பண்ணும்? இருபதுல வெச்சுட்டு மறந்துடுங்க. அது பாட்டுக்கு மெதுவா ஓடிட்டே இருக்கும்."

"மறக்கணுமா? எனக்கு எதையும் சும்மா விட்டு வைக்கத் தெரியாது."

"தெரியுது," என்றான் மெல்ல. அதில் கோபம் இல்லை. வலி இருந்தது. ரிமோட்டை மேசைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினான்.

ஒரு வாய் டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று சொல்ல வேண்டும். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டும். அவளோ குனிந்து அடுப்பில் எரிந்த விறகை அணைத்துக்கொண்டிருந்தாள். பாழாய்ப்போன வீம்பு! கதவு சாத்திக்கொண்டது.

வெள்ளி முழுவதும் அவள் ரிமோட்டைத் தொடவில்லை. தொடாமலிருப்பதுதான் எவ்வளவு கஷ்டம்! எழுந்து பார்த்தாள், இருபது. தண்ணீர் குடிக்கும் சாக்கில் பார்த்தாள், இருபது. பாலத்துச் சிக்னலில் கண்ணாடியைப் பார்த்தாள். பின் சீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஒரு கோழி வியாபாரி, ஒரு பாதிரியார்... அந்தக் கண்கள் மட்டும் இல்லை. கை அவளை அறியாமலே டேப்பை இழுத்து இழுத்துச் சுருட்டியது. அவன் அதைத் திரும்பக் கேட்கவே இல்லையே... இனி எதற்காக வருவான்?

சனிக்கிழமை காலை வாசலில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே மின்சாரக் கெண்டி. மூடியில் ஒரு துண்டுச் சீட்டு: 'டொன் அர்னோல்டோ, யோசிச்சுப் பாத்தேன். கெண்டியைப் பழைய அடுப்பு மேலயே வைங்க.'

அணைந்த அடுப்பின்மேல் கெண்டியை வைத்துவிட்டு அப்பா வெகுநேரம் சிரித்தார். சிரித்து முடிக்கும்வரை ஒரு இருமல்கூட வரவில்லை. யாஸ்னா அடுக்களைக்குள் போய், மழைநாளில் பொரிக்கும் சோப்பாய்பியா என்ற பூசணி ரொட்டிக்கு மாவு பிசையும் சாக்கில் கொஞ்சம் அழுதாள்.

மதியம் அண்ணன் ரிகோ மழையில் நனைந்தபடி உள்ளே நுழைந்து அப்படியே நின்றான். அப்பா அரைக்கைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். தலையில் துண்டு இல்லை. சுவர்ப் பெட்டிக்குக் கீழே கயிறு கட்டி அவருடைய காலுறைகள் தொங்கின.

"சிம்னியில புகையைக் காணோமேப்பா?"

"பாத்தியா, நல்லாக் காயுது," என்று காலுறையைக் காட்டினார் அப்பா. "ஒரு வேலையும் வைக்காத அடுப்பு. மழைக்குச் சோப்பாய்பியா பொரிச்சிருக்கா உன் தங்கச்சி. உன் ஊர்ல எப்ப மழை பெஞ்சு, நான் எப்பச் சாப்பிடறது? எங்கேயும் வரலடா நான்."

பதினோரு சோப்பாய்பியா தின்றுவிட்டு, ஞாயிறன்று ரிகோ தனியாகத்தான் பஸ் ஏறினான்.

*

திங்கட்கிழமை... அதே மழை. சந்தை முக்கில் கம்பளித் துண்டும் கருவிப்பையுமாக ஒருவன் நின்றான். யாஸ்னாவின் கால் பிரேக்கைத் தேடிக்கொண்டு தானாகப் போயிற்று.

முன் சீட்டில் டோன்யா ஒத்திலியா. வெளியே பார்த்தாள். யாஸ்னாவின் முகத்தைப் பார்த்தாள். பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கிவிட்டாள்.

"எங்கே டோன்யா?"

"பின்னாடிதான். முன் சீட்டுல எனக்கு இடுப்பு வலிக்குது," என்றாள். இருபது வருடமாக எந்த டாக்ஸியிலும் முன் சீட்டைத் தவிர வேறெதிலும் உட்காராத புண்ணியவதி.

எலியேசர் தயங்கித் தயங்கி ஏறினான். இனிக் கண்ணாடி உதவாது. திரும்பித்தான் பார்க்க வேண்டும். வண்டி நகர்ந்தது. பாலத்து முனையில் சிக்னல் சிவப்புக்கு மாறியது.

"இருபதுல இருக்கா?" என்றான், ரோட்டைப் பார்த்தபடி.

"இருக்கு. தொடவே இல்ல. அப்பா எங்கேயும் போகல." ஒரு மூச்சு விட்டாள். "அன்னிக்கு நான் பேசினது தப்பு. ரொம்பத் தப்பு. ஏமாத்துக்காரர்னு சொன்ன வாயில சூடு வைக்கணும்."

"இருபதுக்கு மேல வெச்சுடாதீங்க."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. டேப்பை எடுத்து அவன் கையில் வைத்தாள். விட மனசில்லாமல் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"நீங்க... எவ்வளவு மெதுவா ஓடுவீங்க?"

அவன் திரும்பினான். இவ்வளவு பக்கத்தில் அந்தத் தேன் நிறத்துக்கு நடுவில் பச்சையும் கொஞ்சம் இருந்தது. "ரொம்ப மெதுவா. ரெண்டு வாரமா மனசுல இருக்கிறதை ஒரு வார்த்தை சொல்ல முடியல... அவ்வளவு மெதுவா."

"நடுவுல நின்னுடுவீங்களா?"

"நிக்க மாட்டேன் யாஸ்னா. வீட்டுக்குப் போனாலும், வேலையில இருந்தாலும், நீங்க திட்டினாலும்... உள்ளே ஓடிட்டேதான் இருக்கு."

பின் சீட்டில் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு," என்றாள் யாஸ்னா. 'நீங்க' எங்கே போயிற்றென்று அவளுக்கே தெரியவில்லை. "இதுக்கு மேல மெதுவா சொல்ல எனக்குத் தெரியாது."

அவன் டேப்பை விட்டுவிட்டு அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டான். மழை கண்ணாடியில் வழிந்துகொண்டே இருந்தது. அவளுடைய கால் ஆடவில்லை. விரல் தாளம் போடவில்லை. பின்னால் வண்டிகள் ஒவ்வொன்றாகக் கத்தத் தொடங்கின.

"பச்சை விழுந்தாச்சு தலைவி!" என்று பின் சீட்டிலிருந்து குரல் கொடுத்தாள் டோன்யா ஒத்திலியா.

"விழட்டும் டோன்யா... இன்னொரு தடவை விழும்."