மஞ்சள் கைப்பிடி

ஜனவரி முதல் வாரம் பாடம் தேர்ந்தெடுக்கும் வாரம். தூத்துக்குடி கற்போர் நகரின் நாற்பது மாடிகளிலும் அந்த வாரம் வேறு பேச்சே இருக்காது. ரெஜினாவும் அவள் கணவர் லூர்துவும் காப்பி டம்ளரோடு சுவர்த்திரை முன்னால் உட்கார்ந்து, வாழ்நாள் கற்றல் ஆணையத்தின் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். திரையின் மூலையில் ஆணையத் தலைவர், "கற்றவர் காத்திருப்பதில்லை!" என்று ஓயாமல் கையசைத்துக்கொண்டிருந்தார். அவரை அணைக்கப் பொத்தான் கிடையாது.

"வெல்டிங் ரோபோ பராமரிப்பு எப்படி?" என்றார் லூர்து.

ரெஜினா திரையைக் கீழே தள்ளி, படித்தவர்களின் கருத்துகளைப் பார்த்தாள். "எட்டே மாசத்துல புரிஞ்சிருச்சு, எச்சரிக்கைன்னு போட்டிருக்கான். ஒரு நட்சத்திரம்."

"ஐயோ, சனியன். தள்ளு."

"இது பாருங்க. கடல்நீர் வடிகட்டி மென்பொருள். பதினாலு வருஷமா படிக்கேன், ஒரு மண்ணும் விளங்கல, குடும்பத்தோட சேருங்கன்னு எழுதியிருக்கு. அஞ்சு நட்சத்திரம்."

"அதையே போடு. நீ?"

"எனக்கென்ன, அதே லிஃப்ட்டுதான்."

லிஃப்ட் பராமரிப்புப் படிப்பில் ரெஜினாவுக்கு இது பன்னிரண்டாம் வருடம். ஆறு மாதத்துக்கு ஒரு தேர்வு. கீழ்த்தளக் கூடத்தில் லிஃப்ட் இயந்திரத்தின் மாதிரி ஒன்று நிற்கும். சிவப்புக் கைப்பிடியை முதலில் இழுத்தால் கயிறு இறுகும்; பிறகு மஞ்சளை இழுத்தால் பிரேக் தளர்ந்து, பெட்டி பூப்போல இறங்கும். இருபத்திரண்டு தேர்விலும் ரெஜினா மஞ்சளைத்தான் முதலில் இழுத்தாள். உடனே மணியடித்து ஒரு குரல் குழையும்: "தவறான விடை. ஆறு மாத நீட்டிப்பு. வாழ்த்துகள்!" கற்பவர் மனம் கோணக்கூடாது என்பது ஆணையத்தின் கொள்கை.

வீடும் குடிநீரும் உதவிப்படியும் கற்பவர்களுக்கு மட்டுமே. தேறியவரை மூன்றாம் நாள் மேளதாளத்தோடு பஸ் ஏற்றி, பணி காத்திருப்போர் முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். எல்லா வேலையையும் இயந்திரங்கள் பார்த்துக்கொள்கிற உலகத்தில் என்ன பணி வரும் என்று கேட்பது நாகரிகம் அல்ல. முப்பது வருடமாக முகாமிலிருந்து ஒருவரும் திரும்பியதில்லை. ஆணையம் அதை நூறு சதவீத வெற்றி என்கிறது. பத்தொன்பதாம் மாடி ஞானராஜ் போன வருடம் குடித்துவிட்டுப் போய், தப்புப் பண்ண மறந்து, முதல் வகுப்பில் தேறிவிட்டான். அவன் சான்றிதழுக்கு மாலை போட்டு, தினம் ஊதுபத்தி கொளுத்துகிறாள் அவன் மனைவி காணிக்கை.

தேர்வுக்கூடத்தில் மட்டும் ஜாக்கிரதையாக இருந்தால் போதாது. ஒவ்வொரு சுவரிலும் திறன்கண் உண்டு. எங்கே எதைச் சரியாகப் பழுது பார்த்தாலும் தேறியதாகக் கணக்கு. ஆகவே கற்போர் நகரில் குழாய் ஒழுகினால், குழாய்ப் படிப்பு மாணவர்கள் ஆறு பேர் சுற்றி நின்று கைகட்டி வேடிக்கை பார்ப்பார்கள்.

வியாழக்கிழமை காலை தன் மூச்சிளைப்புக்கு மருந்து வாங்கக் கீழே போன லூர்து, இருப்பு இல்லையென்று வெறுங்கையோடு லிஃப்டில் ஏறினார். இருபத்து நாலாம் மாடியைத் தாண்டியதும் பெட்டி நின்றது. மின்விசிறியும் நின்றது. பழுதுபார்க்கும் இயந்திரத்தைக் கூப்பிட்டால், வரிசையில் உங்கள் எண் முந்நூற்றுப் பன்னிரண்டு என்றது.

"ரெஜி, மூச்சு முட்டுது," என்றார் போனில்.

"இருங்க, மேல போயி நான் இறக்குதேன்."

"வேண்டாம்ட்டி! கண்ணு பாத்துரும். தேறிருவ."

"தேறுனா தேறிட்டுப் போறேன். பேசாதீங்க, மூச்ச விடுங்க."

மொட்டைமாடி இயந்திர அறைக்கு அவள் ஓடியபோது, படியில் எதிர்ப்பட்ட காணிக்கையும் பின்னாலேயே ஓடிவந்து கையைப் பிடித்தாள். "அக்கா, யோசிச்சுக்க. மூணாம் நாளு பஸ்சு."

"அவுகளாவது வீட்டுல இருப்பாகல்லா," என்று கையை உதறிவிட்டு ரெஜினா உள்ளே போனாள். திறன்கண் பச்சையாகி அவள்மேல் குவிந்தது. எதிரே இரண்டு கைப்பிடிகள். நாற்பது மாடியிலும் இந்த வேலை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. "செவப்பு முதல்ல, செவப்பு முதல்ல," என்று முணுமுணுத்தாள்.

போனில் லூர்துவின் மூச்சு விசிலாக இழுத்தது. "ரெஜி..." என்றார், அப்புறம் வார்த்தை வரவில்லை.

கை பாய்ந்தது. பதினொரு வருடம், இருபத்திரண்டு தடவை, தேர்வுக்கூடத்தில் இதே பச்சை வெளிச்சத்தில் நெஞ்சு படபடக்கும்போதெல்லாம் எங்கே போய்ப் பழகியிருந்ததோ அங்கேயே போனது.

மஞ்சள்.

கயிறு சீறிக்கொண்டு ஓடியது. அவள் சிவப்பைப் பிடித்துத் தொங்கினாள்; அது அசையவில்லை. கீழேயிருந்து சத்தம் வந்து சேர்ந்தபோது போனில் மூச்சு இல்லை.

மணியடித்தது. "தவறான விடை. ஆறு மாத நீட்டிப்பு. வாழ்த்துகள்!"

ரெஜினா தன் வலது கையையே பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். காணிக்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கண்ணிலும் நீர் வழிந்தது. உண்மையான கரிசனத்தோடுதான் சொன்னாள்:

"அழாதக்கா. நல்லவேளை, நீ பாஸாகல."